உங்களுக்குத் தெரியுமா? மணற்கல்லுக்குள் 24 கிலோமீற்றர்!

யாழ்ப்பாணக் குடாநாட்டு நெல்லியடியின் மண்ணுக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் குடைந்துவிடும். புத்தூர் நிலாவரைக் கிணறும் அப்படி உருவானதே. மணற்கல் அவ்வளவு எளிதில் கரைவதில்லை.

ஆனாலும், இந்தியாவின் மேகாலயா மாநிலத்தில், பெருமழைக்குப் பேர்போன மவ்சின்ராம் பகுதியில் மணற்கல்லுக்குள் ஒரு பாதாள உலகமே விரிகிறது. 2018இல் அளந்து முடித்தபோது, உலகின் மிக நீளமான மணற்கல் குகை அதுவெனத் தெரியவந்தது. பெயர் கிரெம் பூரி. நீளம் 24,583 மீற்றர்! நேர்கோட்டில் நீட்டினால் நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாண நகரை ஏறத்தாழத் தொட்டுவிடும். டைனசோர் காலத்துக் கடல் ஊர்வனவான மோசசோரின் புதைபடிவங்களும் அங்கே கிடைத்துள்ளன.

உயிரினங்களோ இன்னும் வியப்பு. அதே மாநிலத்தின் ஜெயந்தியா மலைக் குகையொன்றில் ஆய்வாளர்கள் பிஸ்கட் தூவியே பார்வையற்ற, வெளிறிய மீன்களைப் பிடித்தார்கள். 40 சென்ரிமீற்றரையும் தாண்டும் அவையே உலகின் மிகப் பெரிய குகை மீன்கள்.