நாலே பொருள், நூறு பீர்

பீர்ல என்ன இருக்குன்னு கேட்டா பதில் ரொம்ப சின்னது: தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். 1516ல் பவேரியாவில் போட்ட பீர் சட்டத்தின் பட்டியலில் ஈஸ்ட் கூட கிடையாது. அது ஓர் உயிர் என்பதே அப்போ யாருக்கும் தெரியாது. இந்த நாலை வெச்சே கறுப்பு ஸ்டவுட், தங்க நிற பில்ஸ்னர், நாக்கைக் கடிக்கும் ஐ.பி.ஏ. எல்லாம் எப்படி வருது? வீட்டுச் சமையலறையிலேயே பீர் காய்ச்சும் ஹோம்ப்ரூயர்கள் தலையைப் பிய்ச்சுக்கிற கேள்வி இதுதான்.

முதல்லயே சொல்லிடறேன்: உரிமம் இல்லாம வீட்டில் பீர் காய்ச்சுவது தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஹாஸ்டல்ல யாரும் வாளியைத் தூக்க வேணாம். ஒரு பயோ-ரியாக்டர் பாடமா மட்டும் படிங்க.

பார்லி முளைக்கும்போது அதுக்குள்ள என்சைம்கள் உருவாகும். முளையைக் காயவெச்சு, உடைச்சு, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவெச்சா, அந்த என்சைம்கள் மாவுச்சத்தை சர்க்கரையா வெட்டும். வெந்நீர் 63 டிகிரியில் இருந்தா பீட்டா அமைலேஸுக்குக் கொண்டாட்டம். சங்கிலியின் நுனியிலிருந்து மால்டோஸா நறுக்கித் தள்ளும். ஈஸ்ட் அதைச் சுத்தமா தின்னுடும், பீர் லேசா, வறண்டு இருக்கும். 70 பக்கம் போனா பீட்டா சீக்கிரம் செயலிழந்துடும். ஆல்ஃபா அமைலேஸ் மட்டும் சங்கிலியை நடுவில் கண்டபடி வெட்டும். ஈஸ்ட் தின்ன முடியாத துண்டுகள் மிஞ்சும், பீர் கனமா இருக்கும். ஏழு டிகிரி வித்தியாசம், அவ்வளவுதான்! ஸ்டவுட்டின் கறுப்புக்குத் தனி ரகசியம் எதுவும் இல்லை. கொஞ்சம் பார்லியைக் காப்பிக்கொட்டை மாதிரி கருக வறுத்துச் சேர்ப்பாங்க.

எவ்வளவு ஆல்கஹால்னு கண்டுபிடிக்க ஹைட்ரோமீட்டர் போதும். ஆரம்பத்தில் அடர்த்தி 1.050, முடிவில் 1.010 என்றால் வித்தியாசத்தை 131ஆல் பெருக்குங்க: சுமார் 5.2 சதவீதம். ரெண்டு மூணு நாளா அளவு மாறாம நின்ன பிறகுதான் பாட்டிலில் அடைக்கணும். வாயுவுக்காக லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரைதான் சேர்ப்பாங்க. அவசரப்பட்டு அடைச்சா, மிச்சச் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்னும், கண்ணாடி பாட்டில் வெடிக்கும். விளையாட்டுக்குச் சொல்லலை.

தண்ணீரும் சும்மா இல்லை. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரக் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அதில் ஹாப்ஸ் கசப்பு கூர்மையா தெரியும். பேல் ஏல் அங்க கொடிகட்டிப் பறந்ததுக்கு அது ஒரு காரணம். செக் நாட்டின் பில்சன் நகரில் தண்ணீர் மிக மென்மை. 1842ல் யோசப் க்ரோல் முதல் பில்ஸ்னரைக் காய்ச்சியது அந்தத் தண்ணீரில்தான்.

ஆனா எனக்குப் பிடிச்ச பகுதி ஈஸ்ட். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் வேலை செய்யும், ஏல் ஈஸ்ட் சுமார் 20ல். சாதாரண ஏல் ஈஸ்டை 35ல் விட்டா பெயின்ட் தின்னர் வாசனைதான் மிச்சம். அதனாலதான் ஹோம்ப்ரூயர்கள் பழைய ஃபிரிட்ஜைத் தேடி அலையறாங்க.

இங்கதான் நார்வே வருது. அந்தக் குளிர்நாட்டுப் பண்ணை வீடுகளில் க்வெய்க்னு ஒரு ஈஸ்ட் வகை உண்டு. 30 முதல் 40 டிகிரி வரை தாங்கும், ரெண்டு மூணு நாளில் வேலையை முடிச்சுடும். வோஸ் பகுதிக் க்வெய்க்கில் ஆரஞ்சுப் பழ வாசனை வரும். நம்ம வீட்ல தயிருக்கு உறை எடுத்து வைக்கிற மாதிரி, ஒரு தடவை காய்ச்சினதிலிருந்து எடுத்து, மரத்துண்டுகளைக் கோத்த வளையத்தில் தடவி, காயவெச்சு, அடுத்த பண்டிகைக்கு எடுப்பாங்க. கெட்டுப் போச்சுன்னா பக்கத்து வீட்டில் கடன். பீர் காய்ச்சும் முறையும் ஊருக்கு ஊர் வேற. வோஸில் மணிக்கணக்கா கொதிக்கவைப்பாங்க. ஹோர்னின்டாலில் கொதிக்கவைப்பதே இல்லை. அதனால புரதம் அப்படியே தங்கி பீர் கெட்டியா இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.

1883ல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்த்துக் காட்டினார். தொழிற்சாலைக்கு அது வரம். ஒவ்வொரு தடவையும் ஒரே சுவை. அப்புறம் கடையில் ஈஸ்ட் பாக்கெட் மலிவா கிடைச்சதும், நார்வேயின் பல பள்ளத்தாக்குகளில் வளையத்தைப் பரண்மேல் போட்டுட்டாங்க. உறை ஊத்த ஆளில்லாத ஈஸ்ட் திரும்ப வராது. மேற்குப் பக்கம் சில ஊர்களில் மட்டும் விடாமல் வெச்சிருந்தாங்க.

லார்ஸ் மாரியுஸ் கர்ஷோல் என்கிற நார்வேக்காரர், தொழிலில் மென்பொருள் ஆள், அந்த ஊர்களுக்கு நேரில் போய் இதையெல்லாம் எழுதிவைத்தார். 2018ல் வந்த மரபணு ஆய்வு, க்வெய்க் மற்ற பீர் ஈஸ்ட்களிலிருந்து தனிக் குடும்பம்னு காட்டியது. இப்போ அது பாக்கெட்டிலேயே விற்குது. வெயில் ஊர் ஹோம்ப்ரூயர்கள் ஃபிரிட்ஜ் இல்லாமலே காய்ச்சறாங்க. ஆனா பாக்கெட்டில் வர்றது பெரும்பாலும் பிரிச்செடுத்த ஒரே ரகம். பண்ணை வீட்டு வளையத்தில் இருப்பது பல ரகங்கள் சேர்ந்த கூட்டம்.