அழுத்தக் கலன் ஆய்வு இடைவெளி

நீராவி, அழுத்தக் காற்று போன்றவற்றை அடக்கி வைக்கும் கலனை ஒருமுறை சோதித்தபின் மீண்டும் சோதிப்பதற்குள் விடத்தக்க காலமே அழுத்தக் கலன் ஆய்வு இடைவெளி எனப்படும்.

வரலாறு

1863இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தனர். அதன் விளைவாக, 1864இல் அந்நகரக் கொதிகலன்களை ஆய்வு செய்வதற்கான சட்டம் வங்காளத்தில் வந்தது. பின்னர் 1923இல் இந்தியக் கொதிகலன்கள் சட்டம் இயற்றப்பட்டது. அது சான்றிதழின் காலத்தைப் பொதுவாக 12 மாதங்களுக்குள் வரையறுத்தது.

கணக்கிடும் முறை

துருவேறுவதால் கலனின் சுவர் ஆண்டுதோறும் மெலிகிறது. மீயொலிக் கருவியால் அதன் தடிமன் அளக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, இப்போதைய தடிமன் 12 மி.மீ., தேவையான குறைந்த அளவு 8 மி.மீ., தேய்மானம் ஆண்டுக்கு 0.25 மி.மீ. எனில் எஞ்சிய ஆயுள் 16 ஆண்டுகள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 510ஆம் விதித்தொகுப்புப்படி, உட்புற ஆய்வு எஞ்சிய ஆயுளில் பாதி அல்லது 10 ஆண்டுகள், இவற்றில் குறைந்ததைத் தாண்டக்கூடாது. எனவே இங்கு இடைவெளி 8 ஆண்டுகள்.

பாதியாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. தேய்மானம் எதிர்பாராமல் இரு மடங்கானாலும், சுவர் 8 மி.மீ.க்குக் கீழே போகுமுன் ஆய்வு வந்துவிடும்.

வரம்புகள்

தடிமன் அளவீடு விரிசலைக் காட்டாது. அதற்குத் தனிச் சோதனை தேவை. நாட்டின் சட்டம் குறுகிய இடைவெளியை விதித்தால் அதுவே செல்லும்.