மெயில் வரலையா? ஸ்பேம் பெட்டியையும் பாருங்க

சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, "மெயில் வரும்னு சொன்னாங்க, வரலையே" என்று காத்திருக்கிறீர்களா? அனுப்பியவர் மேல் தப்பே இல்லாமலும் இப்படி நடக்கும்.

ஒவ்வொரு மெயில் சர்வருக்கும் ஒரு ஐ.பி. எண் உண்டு. குப்பை மெயில் கிளம்பும் எண்களை, 1998-ல் தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் பட்டியல் போடுகின்றன. மெயிலை வாங்கும் சர்வர்கள் பலவும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் உள்ளே விடுகின்றன. சிக்கல் என்னன்னா, ஒரே எண்ணைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வது சகஜம். அதில் ஒருவரின் பாஸ்வேர்டு திருடுபோய், அவர் கணக்கிலிருந்து மோசடி மெயில்கள் பறந்தால், அந்த எண்ணே பட்டியலில் ஏறிவிடும். ஒரு போர்ஷன்காரர் செய்த வேலைக்கு மொத்த வீட்டுக்கும் தபால் நின்றுபோன மாதிரி!

அதனால் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்க. ஜிமெயிலில் 30 நாள் கழிந்தால் அங்கிருப்பவை தானாக அழிந்துவிடும். அனுப்பியவர் முகவரியைச் சரிபார்த்த பிறகே 'ஸ்பேம் அல்ல' என்று குறியுங்கள். உண்மையான மோசடி மெயிலும் அதே பெட்டியில்தான் கிடக்கும். அங்கேயும் இல்லையென்றால், விண்ணப்ப எண்ணை வைத்து இணையதளத்திலேயே நிலையைப் பார்த்துவிடலாம்.

நீங்கள் அனுப்பிய மெயில் 550, 554 போன்ற எண்ணோடு திரும்பி வந்தால் அழிச்சிடாதீங்க. காரணம் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். முகவரி சரியாக இருந்தும் தடுக்கப்பட்டிருந்தால், அந்தத் தகவலை அப்படியே உங்கள் மெயில் சேவை நிறுவனத்துக்கு அனுப்புங்க. பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது அவங்கதான். ஸ்பேம்ஹவுஸ் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.