கோவில்பட்டியில் எத்தனை எழுத்து?

ஒரு தாளை எடுத்து ‘கோவில்பட்டி’ என்று எழுதுங்கள். எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். கோ, வி, ல், ப, ட், டி என ஆறு. இதில் ஐயம் எதுவும் இல்லை. ஆனால் இதே சொல்லைக் கணிப்பொறியிடம் கொடுத்து எண்ணச் சொன்னால் பதினொன்று என்கிறது. அதைச் சேமித்து வைக்க எத்தனை ‘பைட்’ வேண்டும் என்று கேட்டால் முப்பத்து மூன்று என்கிறது!

ஆறு எப்படிப் பதினொன்றாயிற்று? பதினொன்று எப்படி முப்பத்து மூன்றாயிற்று? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடித்தான் நாங்கள் ஐந்து பேர் பல ஞாயிற்றுக்கிழமை மாலைகளைச் செலவிட்டோம். நான் இயற்பியல் ஆசிரியன். கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், வானொலி, தொலைக்காட்சிகளைப் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், பட்டப்படிப்பு மாணவர்கள் இருவர் ஆகியோர் மற்ற நால்வர். கழித்துப் போட்ட பழைய கணிப்பொறி ஒன்றும், உலகில் வெகு சிலரே பயன்படுத்தும் ‘பிளான் 9’ என்ற ஆராய்ச்சி அமைப்பும் எங்கள் கருவிகள்.

எல்லாம் கோப்பே

கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஒழுங்குபடுத்தி வேலை வாங்கும் நிரல் தொகுதியே ‘ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்னும் இயக்க அமைப்பு. 1969 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் ‘யூனிக்ஸ்’ என்ற இயக்க அமைப்பைத் தொடங்கினர். அதே ஆய்வுக்கூடத்தில் தாம்சன், ராப் பைக் முதலியோர் 1980களின் பிற்பகுதியில் மேற்கொண்ட அடுத்த முயற்சிதான் பிளான் 9. 1992 இல் அது பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. வணிக உலகில் அது வெற்றி பெறவில்லை. ஆயினும் ஆர்வலர்கள் அதைக் கைவிடவில்லை. 2011 முதல் ‘9ஃப்ரண்ட்’ என்ற பெயரில் ஒரு குழுவினர் அதன் ஒரு வடிவத்தைத் தொடர்ந்து திருத்தி வருகின்றனர்.

இதன் அடிப்படைக் கருத்து மிக எளியது. நம் கரிசல் காட்டில் கம்பு விளைகிறது, சோளம் விளைகிறது, உளுந்தும் பாசியும் விளைகின்றன. தானியம் வேறு வேறு. ஆனால் அளக்கும் படி ஒன்றே. அதைப்போல் பிளான் 9 இல் திரை, விசைப்பலகை, சுட்டி, வலைத்தொடர்பு யாவும் ‘கோப்பு’ என்ற ஒரே படியால் அளக்கப்படுகின்றன. சுட்டி எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டுமா? சுட்டிக்கென உள்ள கோப்பைப் படித்தால் போதும். தொலைவில் உள்ள இன்னொரு கணிப்பொறியின் கோப்பையும் இதே முறையில் படிக்கலாம். அதற்கான பேச்சு நெறிக்கு ‘9பி’ என்று பெயர்.

இருண்ட திரை

முதல் நாள் எங்களுக்குக் கிடைத்தது இருட்டுதான். அமைப்பு தொடங்கியது, எழுத்துகள் ஓடின, பிறகு திரை கறுத்துவிட்டது. நான் அவசரப்பட்டுத் திரையின் அளவு, காட்சி முறை, சுட்டியின் வகை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். இப்போது திரை ஒளிர்ந்தது, சுட்டி நகரவில்லை. எந்த மாற்றம் நன்மை செய்தது, எது கெடுத்தது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி சிரித்தார். “சார், ரேடியோவுல நாலு பாகத்தை ஒண்ணா மாத்துனா எது கெட்டுதுன்னு எப்படித் தெரியும்? ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.”

ஆய்வகத்தில் நான் மாணவர்களுக்குச் சொல்லும் பாடம் அது. மாறிகளில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை நிலையாக வை என்பதை நானே மறந்திருந்தேன். பழைய நிலைக்குத் திரும்பி ஒவ்வொன்றாக மாற்றினோம். காட்சி முறையை ‘வேசா’ என்னும் பொது முறைக்கும், திரையின் அளவை 1024-க்கு 768 என்பதற்கும் அமைத்ததும் திரை தெளிந்தது. சுட்டியின் வகையை முன்பிருந்தபடியே விட்டதும் அதுவும் நகர்ந்தது. பிளான் 9 மூன்று பொத்தான் சுட்டியை எதிர்பார்க்கும். எங்களிடம் இருந்ததில் இரண்டே பொத்தான்கள். ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்தியபடி வலப் பொத்தானைத் தட்டினால் அது நடுப் பொத்தானாகக் கொள்ளப்படும் என்று கையேட்டிலிருந்து மாணவர் ஒருவர் கண்டுபிடித்தார்.

ரயிலும் எழுத்தும்

இனி முப்பத்து மூன்றின் கதைக்கு வருவோம். உலக எழுத்துகள் எல்லாவற்றுக்கும் எண் கொடுக்கும் முறை யூனிகோட். இதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ‘க’வின் எண் 2965. ஆனால் ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையே அடங்கும். பெரிய எண்களை எவ்வாறு பைட்டுகளாகப் பிரிப்பது?

1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் தாம்சனும் பைக்கும் அமர்ந்து இதற்கு ஒரு வழி வகுத்தனர். அடுத்த சில நாட்களிலேயே பிளான் 9 முழுவதும் அம்முறைக்கு மாற்றப்பட்டது. அதுவே யூடிஎஃப்-8. இன்று உங்கள் கைப்பேசியில் வரும் தமிழ்ச் செய்திகளும் வலைப்பக்கங்களும் பெரும்பாலும் இம்முறையில்தான் வருகின்றன.

நம் கோவில்பட்டி ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடைமேடைக்கு வரும்போது ஒரு ரயில் பாதி கடந்துவிட்டது. முன்னே சென்ற பெட்டிகளை நீங்கள் பார்க்கவில்லை. ஆனால் என்ஜினையும் பெட்டியையும் வேறுபடுத்தத் தெரியும் அல்லவா? அடுத்த என்ஜின் வரும்போது புதிய ரயில் தொடங்குகிறது என்று அறிவீர்கள். யூடிஎஃப்-8 இலும் அப்படியே. 128 முதல் 191 வரை உள்ள பைட்டுகள் பின்னால் வரும் பெட்டிகள். 224 முதல் 239 வரை உள்ளவை, ‘என்னையும் சேர்த்து மொத்தம் மூன்று’ என்று அறிவிக்கும் என்ஜின்கள். ‘க’ என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள். இடையில் ஒரு பைட் தொலைந்தாலும் அந்த ஓர் எழுத்துதான் கெடும்; அடுத்த எழுத்து பிழைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துகளோ 128-க்குக் குறைந்த எண்கள். அவை என்ஜின் மட்டும் தனியே ஓடுவது போல ஒரே பைட்.

ஆகவே, பதினொரு குறிகளை மூன்றால் பெருக்கினால் முப்பத்து மூன்று. சரி, ஆறு எழுத்துக்குப் பதினொரு குறிகள் ஏன்? யூனிகோடில் ‘கோ’ ஒரே குறி அன்று. ‘க’ ஒரு குறி, ஓகாரக் குறி மற்றொன்று. ‘ல்’ என்பது ‘ல’வும் புள்ளியும். இவற்றை ஒட்டி ஓர் எழுத்தாகக் காட்டுவது திரையில் வரையும் நிரலின் பொறுப்பு.

இங்குதான் எங்களுக்குத் தடை ஏற்பட்டது. யூடிஎஃப்-8 பிறந்த அந்த அமைப்பிலேயே, வரையும் நிரல் ஒவ்வொரு குறியையும் இடமிருந்து வலமாகத் தனித்தனியே வரைகிறது, ஒட்டுவதில்லை. ‘கெ’ என்று எழுதினால் ‘க’வுக்குப் பின்னால் கொம்பு நிற்கிறது! புள்ளியோ எழுத்தின் தலைமீது அமராமல் அருகில் தனியே நிற்கிறது.

இருநூற்று நாற்பத்தேழு

தீர்வைக் கணித நண்பர் சொன்னார். யூனிகோடில் 57344 முதல் 63743 வரை 6400 இடங்கள் எவருக்கும் ஒதுக்கப்படாமல், அவரவர் சொந்தப் பயனுக்கென விடப்பட்டுள்ளன. அங்கே தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழு இடம் கொடுத்துவிட்டால் ஒட்டும் வேலையே இல்லை. (இதே கருத்தில் எழுந்த ‘டேஸ்-16’ என்ற குறியீட்டை 2010 இல் தமிழக அரசு யூனிகோடுக்கு மாற்றாக ஏற்றது.)

கணக்கு அழகாக அமைந்தது. உயிர் 12, ஆய்தம் 1, ஆகப் 13. அடுத்து ஒவ்வொரு மெய்க்கும் 13 இடம்: புள்ளி எழுத்து ஒன்று, உயிர்மெய் பன்னிரண்டு. 18 மெய்களுக்கு 234. மொத்தம் 247! மெய்யின் வரிசை எண்ணை 13 ஆல் பெருக்கி உயிரின் வரிசை எண்ணைக் கூட்டினால் எழுத்தின் இடம் கிடைத்துவிடும். ‘கோ’: க் முதல் மெய், ஓ பதினொன்றாம் உயிர்; 13 + 11 = 24. ‘டி’: ட் ஐந்தாம் மெய், இ மூன்றாம் உயிர்; 65 + 3 = 68. தொல்லாசிரியர் வகுத்த நெடுங்கணக்கே எங்களுக்குச் சூத்திரமாயிற்று.

மாணவர்கள் வரைபடத்தாளில் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்தனர். அட்டவணையின் தொடக்கமாக 61440 என்ற எண்ணை வைத்தோம். ‘கோவில்பட்டி’ சரியாக வந்தது. கைதட்டினோம். அடுத்து ஒரு மாணவர் ‘கீரை’ என்று தட்டினார். ‘கீ’ வரவில்லை, சுட்டுக்குறி இடப்பக்கம் ஓடிற்று! ‘குடை’ என்று தட்டினால் வலப்பக்கம் ஓடிற்று.

எழுத்துருவில் பிழையோ, விசைப்பலகையில் பிழையோ என்று இரண்டு வாரம் தேடினோம். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தபோது காரணம் புலப்பட்டது. பிளான் 9 இல் எல்லாம் ஒரே வழியில் செல்பவை ஆதலால், அம்புக்குறி விசைகளும் எழுத்துகளைப் போலவே எண்களாகச் செல்கின்றன. அவற்றுக்கு அமைப்பை எழுதியவர்கள் தேர்ந்த இடமும் 61440-இலிருந்துதான். இடப்பக்க அம்பு பதினேழாம் இடம். வலப்பக்க அம்பு பதினெட்டு. எங்கள் கணக்கில் ‘கீ’ 13 + 4 = 17; ‘கு’ 13 + 5 = 18. புறம்போக்கு என்று எண்ணி நாங்கள் ஏர் பூட்டிய நிலத்தில் ஏற்கெனவே ஒருவர் வீடு கட்டியிருந்தார்! தொடக்க எண்ணை 57600 ஆக மாற்றினோம். ‘கீரை’ முளைத்தது.

பொது மொழியை விடலாமா?

ஆனால் ஒரு பெரிய கேள்வி எஞ்சியது. எங்கள் சொந்த எண்களிலேயே கோப்புகளைச் சேமித்தால், வேறு கணிப்பொறியில் அவற்றை யாரும் படிக்க இயலாது. 1990களில் தமிழுக்கு நேர்ந்த தொல்லை அதுவே. எழுத்துருவுக்கு ஒரு குறியீடு இருந்தது. ஒருவர் அனுப்பிய மடல் மற்றவருக்குப் புரியாத கோடுகளாய்த் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாடு பொதுக் குறியீடும் பொது விசைப்பலகையும் வகுக்க முனைந்தது அதனால்தான். அந்தத் தொல்லையை நாங்கள் மீண்டும் விதைக்கலாமா?

பிளான் 9 இன் படியே எங்களுக்குக் கைகொடுத்தது. அதில் எந்த நிரலும் ஒரு கோப்படைவு போல வேடம் பூணலாம். அவ்வாறு ஒரு சிறு நிரல் எழுதினோம். அதன் வழியே கோப்பைப் படித்தால் யூனிகோட் எழுத்துகள் எங்கள் எண்களாக மாறித் திரைக்கு வரும். எழுதினால் மீண்டும் யூனிகோடாகி வட்டில் சேரும். வட்டில் 33 பைட், திரையில் ஆறே எழுத்து. தொகுப்பு நிரலில் ஒரு வரியும் மாற்றவில்லை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினோம், அவ்வளவே. பின்னோக்கி அழிக்கும் விசையைத் தட்டினால் ‘கோ’ முழுவதும் ஒரே தட்டில் அழிந்தது.

வேலை முடிந்தது என்றிருந்தபோது இளைய மாணவர் தயக்கத்துடன், “சார், என் பெயர் வரவில்லையே” என்றார். அவர் பெயரில் ‘ஜ’ இருந்தது. எங்கள் 247 இல் அதற்கு இடமே இல்லை! நெடுங்கணக்கின் அழகில் மயங்கி, எதிரே அமர்ந்திருந்த பிள்ளையின் பெயரை மறந்துவிட்டோம். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்ற ஐந்துக்கும் 13 வீதம் 65, ‘ஸ்ரீ’ ஒன்று, ஆக 66 சேர்த்தோம், மொத்தம் 313. அன்று மாலை அவர் தம் பெயரைத் தாமே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்பட்டார்.

சிலரே பயன்படுத்தும் அமைப்பில் இவ்வளவு உழைப்பு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். யூடிஎஃப்-8 அங்கே பிறந்து உலகெங்கும் பரவியது. 9பி நெறியை 2019 முதல் விண்டோஸ் தன்னுள் இயங்கும் லினக்சின் கோப்புகளைக் காட்டப் பயன்படுத்துகிறது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. திறந்து பார்க்கக்கூடிய சிறிய அமைப்பில்தான் பிழையின் வேர்வரை தோண்ட முடியும். பிறர் பழுது பார்த்துத் தருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் ஒரு கோப்பில் யூடிஎஃப்-8 முறையில் சேமித்து அதன் அளவைப் பாருங்கள். மூன்றால் வகுத்தால் குறிகளின் எண்ணிக்கை கிடைக்கும். சில நிரல்கள் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளமும், சில இறுதியில் வரி முடிவுக் குறியும் சேர்க்கும், அவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளில் எழுதி, எழுத்துகளை எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களால் சொல்ல முடியும்.