பதின்மூன்றாவது விமானம்

விமானத்தில் ஏறுவதற்கு முன் விமானி ஒரு கையெழுத்துப் போடுவார். இறங்கிய பிறகு இன்னொன்று. ஃபார்ம் 700 என்று அந்தப் பதிவேட்டுக்குப் பெயர். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் அதைப் புரட்டாமல் ஒரு நாள் கழிந்ததில்லை. போரில் இறந்த விமானி என்று யாராவது சொன்னால், எனக்குச் சிலையும் மாலையும் நினைவுக்கு வருவதில்லை. காலியாகவே நின்றுவிடும் அந்த இரண்டாவது கட்டம்தான் வரும்.

2025 ஜனவரியில் 'ஸ்கை ஃபோர்ஸ்' இந்திப் படம் வந்தது. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் என்னோடு நடக்கிற நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "சார், நிஜமாவே இப்படி நடந்ததா?" என்று கேட்டார். படத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள், பாட்டும் உண்டு. நிஜ மனிதர் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. நம் காவிரி பிறக்கிற குடகுக்காரர். அப்போது வயது 32.

1965 செப்டம்பர் 6 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் பதான்கோட் விமானத் தளத்தைத் தாக்கின. மறுநாள் விடியற்காலை அதற்குப் பதிலடி. பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து ஒன்றாம் ஸ்குவாட்ரனின் 12 மிஸ்டேர் விமானங்கள் விங் கமாண்டர் ஓ. பி. தனேஜா தலைமையில் பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்துக்குக் கிளம்பின. தேவய்யா மாற்று ஆள். யாருடைய விமானமாவது மக்கர் செய்தால் மட்டுமே போகவேண்டியவர். ஆனாலும் பதின்மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டார். திரும்பி வரவில்லை. என்ன ஆனார் என்று பார்த்தவர் யாரும் இல்லை. கோப்பில் 'காணவில்லை' என்று ஏறியது. அவ்வளவுதான்.

விவரம் வெளியே வர 1979 ஆயிற்று. ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர் பாகிஸ்தான் விமானப்படைத் தரப்பிலிருந்து கேட்டறிந்து ஒரு புத்தகம் எழுதினார். குண்டு வீசித் திரும்பிய மிஸ்டேர்களைப் பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானம் ஒன்று துரத்தியிருக்கிறது. ஓட்டியவர் அம்ஜத் ஹுசைன். கடைசியில் வந்துகொண்டிருந்த ஒன்றைச் சுட்டார். அது தொலைந்தது என்று நினைத்து மற்றவற்றைத் தேடி முன்னே போனார். அடிபட்ட மிஸ்டேரோ விழவில்லை. அவரிடமே திரும்பி வந்தது.

இந்த இடத்தில்தான் நண்பர் என்னை நம்பவில்லை. எஃப்-104 ஒலியைப் போல இரு மடங்கு வேகம் போகும். மிஸ்டேர் சமமாகப் பறக்கையில் ஒலி வேகத்தையே தாண்டாது. ஆனால் எஃப்-104இன் இறக்கைகள் குட்டையானவை. நேராக ஓடத்தான் லாயக்கு. தரையை ஒட்டி, வேகம் குறைந்த நிலையில் வளைந்து திரும்பவேண்டி வந்தால் மிஸ்டேரின் கை ஓங்கிவிடும். அம்ஜத் அந்த வலையில் மாட்டிக்கொண்டார். தேவய்யாவின் பீரங்கிக் குண்டுகள் பட்டு, பாராசூட்டில் குதித்துத் தப்பினார். அடிபட்ட விமானத்தோடு தேவய்யா ஊர் திரும்ப முடியவில்லை. அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜனங்களே உடலை எடுத்து அடக்கம் செய்திருக்கிறார்கள்.

புத்தகம் சொன்ன அந்த மிஸ்டேரை ஓட்டியது தன் ஆட்களில் யார் என்று தனேஜாவுக்குப் புரிந்துபோனது. ஓய்வுபெற்ற பிறகு விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதினார். 1988இல், 23 வருஷம் கழித்து, மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. தேவய்யாவின் மனைவி வாங்கிக்கொண்டார்.

"இவ்வளவு வருஷமா சார்?" என்று நண்பர் ஆத்திரப்பட்டார். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. வீரத்துக்கு விருது கேட்டு எழுதுகிறவன், கண்ணால் பார்த்த சாட்சியைக் காட்டவேண்டும். விமானத்திலிருந்த கேமராவும் விமானத்தோடு போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே சாட்சி எதிரி.

அந்த எதிரியும் எங்கேயோ தூரத்தில் இருந்துவிடவில்லை. 1971 டிசம்பரில் அமிர்தசரஸ் ரேடாரைத் தாக்க வந்த அம்ஜத் ஹுசைனை நம் பீரங்கிக்காரர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். நம்மிடமே போர்க்கைதியாக இருந்தார். ஆறு வருஷத்துக்கு முந்தைய பழைய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்றைக்கு உங்களைச் சுட்டது எந்த விமானம்?" என்று கேட்க அப்போது யாருக்குத் தோன்றியிருக்கும்? என்னைப் போல ஒரு குமாஸ்தாவுக்குத் தோன்றியிருக்கலாம். அவனை யார் உள்ளே விடுவார்கள்!