பாட்டில் விட்டுவைத்த காலி இடம்

2013 பிப்ரவரி 11, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். ஜார்ஜ் டவுன் ஹான் சியாங் பள்ளித் திடலில், அப்போது மலேசியாவை ஆண்ட தேசிய முன்னணியின் திறந்த இல்ல உபசரிப்பு. விருந்தை விட, அரசியலை விட, கூட்டம் காத்திருந்தது கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கொரியருக்காக. சை மேடையேறி 'கங்னம் ஸ்டைல்' பாடினார். சியோலுக்கும் பினாங்குக்கும் இடையே ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். பாட்டு வெளிவந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அதன் வரிகளுக்குப் பொருள் தெரிந்தவர்கள் அந்தத் திடலில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் கடிவாளத்தைப் பிடிப்பது போல் இரு மணிக்கட்டுகளையும் குறுக்கே வைத்துக் குதிரைச் சவாரி செய்வது எப்படி என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இது தற்செயலாக நடப்பதில்லை. கே-பாப் என்கிற கொரியப் பாப் இசையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் ஒரு தந்திரம் புலப்படும். பாட்டைக் கட்டும்போதே கேட்பவர் வந்து நிற்பதற்கென்று சில இடங்களைக் காலியாக விட்டுக் கட்டுகிறார்கள். அந்தக் குதிரை நடை அப்படி விட்ட முதல் இடம்.

கொரியாவில் இதற்கு 'பாயின்ட் நடனம்' என்று பெயர். மூன்று, நான்கு நிமிட நடனத்தில் பெரும்பகுதி பல ஆண்டு பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே வசப்படும். ஆனால் பல்லவி வரும் இடத்தில் மட்டும் எவரும் செய்யக்கூடிய ஓர் அசைவை வைத்துவிடுவார்கள். 2009இல் வந்த சூப்பர் ஜூனியர் குழுவின் 'சாரி சாரி' பாட்டில் இரு கைகளையும் சேர்த்துத் தேய்ப்பார்கள், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம். கடினமான நடனத்துக்குள் எளிய அசைவு ஒன்றை ஒளித்து வைப்பது கடினமான நடனத்தை அமைப்பதை விடப் பெரிய திறமை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கும் வழி உண்டு. நிறுவனங்களே ஒத்திகைக் காணொளிகளை வெளியிடுகின்றன. கேமரா ஒரே இடத்தில் நிற்கும், வெட்டு கிடையாது, ஆடுபவர்களின் உள்ளங்கால் வரை தெரியும். இவற்றில் பல கண்ணாடிப் பிம்பம் போல இடவலமாகத் திருப்பிய வடிவிலும் கிடைக்கும். காரணம் எளிது. எதிரே நிற்பவர் வலக்கையைத் தூக்கினால் அது நம் இடப்பக்கமாகத் தெரியும். மூளை ஒவ்வொரு அசைவையும் புரட்டிப் போட வேண்டியிருக்கும். படத்தையே புரட்டிவிட்டால் அந்த வேலை மிச்சம். இப்படிக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் பேரங்காடிகளில் கூடி 'ரேண்டம் பிளே டான்ஸ்' ஆடுகிறார்கள். பல்லவிகள் முன்னறிவிப்பின்றி மாறி மாறி ஒலிக்கும். எந்தப் பாட்டு தெரியுமோ அதற்கு ஓடிவந்து நடுவில் ஆட வேண்டும். முன்பின் அறியாத இருபது பேர் ஒரே நொடியில் ஒரே கோணத்தில் திரும்புவதைப் பார்க்கும் பெற்றோருக்கு வாய் அடைத்துப் போகும்.

புரியாத மொழிப் பாட்டுக்கு மயங்குவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பம்பாயிலிருந்து கப்பலேறி வந்த பார்சி நாடகக் குழுக்கள் இங்கே இந்துஸ்தானியில் பாடி ஆடின. அந்தப் பாணியை எடுத்துக்கொண்டு 1885 வாக்கில் பினாங்கிலேயே புஷி என்பவரின் குழு மலாய் மொழியில் பங்சாவான் நாடகம் போடத் தொடங்கியது. அங்கிருந்து அந்தக் கலை தீபகற்பம் எங்கும் பரவியது.

சைக்குக் கப்பல் தேவைப்படவில்லை. 'கங்னம் ஸ்டைல்' 2012 ஜூலை 15 அன்று வெளியானது. மாணவர்கள், சிப்பாய்கள், காவலர்கள் என்று ஊருக்கு ஊர் பகடிக் காணொளிகள் முளைத்தன. அவற்றை நீக்கச் சொல்லி யாரும் துரத்தவில்லை. இதில் பெருந்தன்மையோடு கணக்கும் உண்டு. ஒலியின் கைரேகையை வைத்துப் பாட்டை அடையாளம் காணும் ஏற்பாடு யூட்யூபில் இருக்கிறது. யாரோ ஒருவர் தன் கல்யாணக் காணொளியில் அந்தப் பாட்டைச் சேர்த்தாலும் பாட்டின் உரிமையாளர் அதைத் தடுக்கலாம், அல்லது விட்டுவிட்டு விளம்பர வருமானத்தைப் பெறலாம்.

2012 டிசம்பர் 21 அன்று யூட்யூபில் முதன்முதலாக 100 கோடிப் பார்வைகளைத் தொட்ட காணொளி அதுதான். சுவையான கட்டம் அதற்கு அப்புறம் வருகிறது. கணினிக்கு 0, 1 என்ற இரண்டே குறிகள் தெரியும்; ஒவ்வொரு குறியும் ஒரு 'பிட்'. பார்வைகளை எண்ண யூட்யூப் 32 பிட்டுகளை ஒதுக்கியிருந்தது. ஒன்று கூட்டலா கழித்தலா என்பதைக் காட்டப் போய்விடும். மீதி 31. ஒரு பிட் கூடினால் கொள்ளளவு இரட்டிக்கும். இப்படி 31 முறை இரட்டித்தால் எட்டக்கூடிய உச்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. ஒரே காணொளி இதைத் தாண்டும் என்று யார் நினைத்தார்கள்? 2014 டிசம்பரில் தாண்டிவிட்டது. பொறியாளர்கள் முன்பே கவனித்து எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தார்கள். பிட் எண்ணிக்கை இரண்டு மடங்குதான் ஆனது. ஆனால் இப்போது எண்ணி நிரம்ப வேண்டுமானால் உலகின் 800 கோடிப் பேரும் ஆளுக்கு 115 கோடி முறை பார்த்தாக வேண்டும். பினாங்குக்கு இந்த பிட் கணக்கு நெருக்கமானதுதான். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் திறந்தது இங்குள்ள பாயான் லெப்பாஸில்.

பாட்டில் விட்ட இரண்டாவது இடம் குரலுக்கானது. 'ஃபேன்சான்ட்' என்கிறார்கள், ரசிகர் முழக்கம் எனலாம். புதுப் பாட்டு வந்தால் எந்த வரிக்குப் பின் எந்தச் சொல்லைக் கூட்டம் கத்த வேண்டும் என்று குறித்து ஒரு வழிகாட்டியும் கூடவே வரும். பெரும்பாலும் தொடக்க இசையின் மேலேயே உறுப்பினர் பெயர்கள் வரிசையாக வரும்: கிம் நாம் ஜூன், கிம் சொக் ஜின், மின் யூன் கி... பி.டி.எஸ். குழுவின் ஏழு பேருக்கும் இப்படித்தான். கொரியப் பெயர்களில் பெரும்பாலானவை மூன்றே அசைகள். குடும்பப் பெயருக்கு ஒன்று, இடும் பெயருக்கு இரண்டு. நான்கு தட்டுத் தாளத்தில் மூன்று தட்டுக்கு ஒரு பெயர், நான்காவது தட்டில் மூச்சு. அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்துவிடும். தாய்மொழி எதுவானாலும் ஆயிரம் பேர் பிசிறில்லாமல் கத்த முடிகிற ரகசியம் இதுவே.

இடைவெளி விட்டுக் கேட்டால் கூட்டம் நிரப்பும் என்பது உண்மை. எதைக் கொண்டு நிரப்பும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. அன்று ஹான் சியாங் திடலில் பிரதமர் நஜிப், "சைக்குத் தயாரா?" என்று கேட்டார். "ஆம்!" என்று கூட்டம் முழங்கியது. அதே சூட்டில் "தேசிய முன்னணிக்குத் தயாரா?" என்றார். "இல்லை!" என்று பதில் வந்தது. மீண்டும் கேட்டுப் பார்த்தார், அதே பதில். தாளம் துளியும் தப்பவில்லை. அந்தக் காணொளியும் வேகமாகத்தான் பரவியது. மூன்று மாதம் கழித்து வந்த பொதுத் தேர்தலிலும் பினாங்கு மாநிலம் தேசிய முன்னணிக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது இடம் ஒளிக்கானது. 1990களின் இறுதியில் கொரிய ரசிகர்கள் பலூன்களை அசைத்தார்கள், எச்.ஓ.டி. குழுவுக்கு வெள்ளை, செக்ஸ்கீஸ் குழுவுக்கு மஞ்சள். பிறகு பேட்டரி விளக்குகள் வந்தன. பிக்பேங் குழுவின் மஞ்சள் கிரீட விளக்கு பெயர்பெற்றது. இன்றைய 'லைட்ஸ்டிக்' வெறும் விளக்கு இல்லை; கைக்கு அடக்கமான ஒரு வானொலிப் பெட்டி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிற எல்இடிகள். ஒவ்வொன்றின் பிரகாசத்தையும் 256 படிகளாகக் கூட்டிக் குறைத்தால் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள் கிடைக்கும். எல்இடி தயாரிக்கும் ஆலைகள் பாயான் லெப்பாஸிலும் இருக்கின்றன.

பெரிய கச்சேரிகள் பெரும்பாலும் கோலாலம்பூரில்தான். பினாங்குப் பிள்ளைகள் பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் பிடிக்க வேண்டும். அரங்குக்குள் நுழையுமுன் கைப்பேசிச் செயலியில் டிக்கெட்டின் இருக்கை எண்ணைப் பதிவார்கள். செயலி புளூடூத் வழியாக அந்த எண்ணை லைட்ஸ்டிக்கின் நினைவகத்தில் எழுதிவிடும். அந்த நொடியிலிருந்து அது ஒரு படப்புள்ளி, அதாவது திரையில் பிக்சல் என்கிறோமே, அது. நிகழ்ச்சி தொடங்கியதும் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து எல்லா இருக்கைகளுக்குமான நிறக் கட்டளையும் வானொலி அலையில் போகும். ரயில் நிலைய அறிவிப்பு எல்லார் காதிலும் விழுந்தாலும் அவரவர் வண்டியின் பெயர் வரும்போதுதான் எழுந்து நிற்கிறோம். லைட்ஸ்டிக்கும் அப்படியே தன் இருக்கைக்குரிய கட்டளையை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது.

அதே அரங்கில் கைப்பேசி வலைத்தொடர்பு திணறுவதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். ஒவ்வொரு கைப்பேசியும் கோபுரத்தோடு இருவழியாகப் பேசியாக வேண்டும். கூட்டம் பெருகப் பெருக நெரிசல். லைட்ஸ்டிக் கேட்கும், பதில் சொல்லாது. ஆகவே 500 விளக்குகளுக்கு அனுப்பிய அதே அலை 50,000 விளக்குகளுக்கும் போதும். ஒரு பக்கத்து இருக்கைகள் முழுவதும் இப்படிக் குழுவின் பெயரை எழுத்து எழுத்தாக ஒளிரச் செய்யும். அந்த எழுத்தின் ஒரு துளியைக் கையில் பிடித்திருப்பவருக்கு மட்டும் எழுத்து தெரியாது. எதிர்ப் பக்கத்தில் இருப்பவர்தான் படிக்க முடியும். தோழிக்கு அருகில் உட்காரலாம் என்று இடம் மாறினால் எழுத்தின் கால் இருக்கும் இடத்தில் கொம்பின் நிறம் எரியும். அதனால்தான் டிக்கெட்டில் உள்ள இருக்கையிலேயே அமரும்படி ரசிகர்களை வலியுறுத்துகிறார்கள்.