எங்கள் தொழுவத்தில் ஒரு தேஜஸ்



நம்ம அறிவியல் அறையில ஜன்னல் ஓரமா சாக்கு போட்டு மூடி ஒண்ணு இருக்கே, அது என்னன்னு ஒரு வாரமா எல்லாரும் கேட்கிறீங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க அது சவப்பெட்டின்னு புரளி கிளப்பி விட்டிருக்காங்க. சவப்பெட்டி இல்லை. அது ஒரு போர் விமானத்தின் காக்பிட். அதாவது விமானி உட்காருகிற கூண்டு. கோடை விடுமுறையில நானும் எங்க பெரியப்பா மகன் அண்ணனும் சேர்ந்து நிஜ அளவுக்குச் செய்தோம். மாட்டை விற்றபிறகு எங்க வீட்டுத் தொழுவம் சும்மாத்தான் கிடந்தது.

இது பறக்குமான்னு கேட்டவங்களுக்கு: பறக்காது. இது சிமுலேட்டர். தரையில உட்கார்ந்தே விமானம் ஓட்டிப் பழகுகிற கருவி. உள்ளே ஒரு மடிக்கணினி இருக்கு. எங்க அக்காவுக்கு 12-ஆம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. அதில் ஃப்ளைட்கியர் என்ற மென்பொருளைப் போட்டிருக்கோம். பல நாட்டு ஆட்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதியது, யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கலாம். நாம கட்டையை இழுத்தால் விமானம் எப்படித் திரும்பும், எவ்வளவு உயரம் ஏறும், வேகம் எவ்வளவு குறையும் என்று அது கணக்குப் போட்டுத் திரையில் காட்டும்.

அறிவியல் டீச்சர் ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க. "கீபோர்டை வச்சே ஓட்டலாமே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி?"

போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது விமானியின் எடை 8, 9 மடங்கு ஆகிவிடும். 2 கிலோ இருக்கிற முன்கை 16 கிலோ ஆயிடும். அரிசிச் சிப்பத்தை மணிக்கட்டில் கட்டின மாதிரி. அந்த நேரத்தில் கையைத் தூக்கி ஒவ்வொரு பொத்தானாகத் தேட முடியாது. அதனால முக்கியமான பொத்தான்களை எல்லாம் வலது கை பிடிக்கிற கட்டையிலும், இடது கை பிடிக்கிற வேகக் கட்டையிலுமே வைத்துவிடுகிறார்கள். கண் வெளியே பார்க்கும், விரல் தானாகப் போய்த் தொடும். எங்க ஆச்சி இருட்டில் அடுப்படிக்குள் போய் உப்பு மரவையைச் சரியாக எடுப்பாங்களே, அதே மாதிரிதான். மரவையை அரை அடி தள்ளி வைத்தால் ஆச்சி தடவித் தடவித் தேடுவாங்க. ஆகவே பெட்டி எப்படித் தெரியுது என்பது பெரிசில்லை. எது எவ்வளவு தூரத்தில் இருக்கு என்பதுதான் பெரிசு. சின்னதாகச் செய்தால் கை தப்பாகப் பழகிவிடும்.

இப்படித் தரையில் பழகுவது புது யோசனை இல்லை. 1910 வாக்கில் பிரான்ஸில் ஆந்த்வானெத் என்ற விமானத்துக்குப் பழக, பீப்பாயைப் பாதியாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்கள் பக்கத்தில் நின்று பீப்பாயை ஆட்டிவிடுவார்கள். அப்புறம் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் வந்தார். அவர் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். விமானம் ஓட்டப் படிக்கக் காசு அதிகம் ஆகிறதே என்று லிங்க் ஆர்கனுக்கு உள்ளே இருக்கிற துருத்திகளை எடுத்து ஒரு குட்டி விமானப் பெட்டியின் அடியில் வைத்தார். நம்ம கோயில் நாகஸ்வரக்காரங்க சுருதிப் பெட்டியில் துருத்தி இருக்குமில்லையா, அந்த மாதிரி. காற்று உள்ளே போனால் பெட்டி ஒரு பக்கம் தூக்கும், வெளியே போனால் சாயும். 1929-இல் அதைச் செய்து முடித்தார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்களாம். 1934-இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானம் ஓட்டினபோது, மோசமான வானிலையில் வெளியே எதுவும் தெரியாமல் பல விமானிகள் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டி வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் லட்சக்கணக்கான பேர் அந்த நீலப் பெட்டியில் உட்கார்ந்துதான் பழகினார்கள்.

நம்ம நாட்டுத் தேஜஸும் அப்படித்தான். 2001 ஜனவரி 4-ஆம் தேதி ராஜீவ் கோத்தியால் அதை முதன்முதலில் பெங்களூருவில் பறக்கவிட்டார். அதற்கு முன்னாலேயே சோதனை விமானிகள் தரையில் சிமுலேட்டரில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். பெங்களூருவில் இருக்கிற ஏ.டி.ஈ. என்ற ஆராய்ச்சி நிலையம் செய்த சிமுலேட்டர் அது.

இனி எங்க பெட்டிக்கு வாரேன்.

சட்டம் எல்லாம் தொழுவத்துக் கூரையில் இருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய பனங்கை. பக்கத்துக்குப் பழைய பிளைவுட், மிச்சத்துக்கு டிவி வந்த அட்டைப்பெட்டி. இருக்கை, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "என்னட்டி இது, சப்பரமா? சாமி எங்க?" என்று கேட்டாங்க.

அளவுக்கு என்ன செய்தோம் தெரியுமா? தேஜஸின் வரைபடம் நமக்குக் கிடைக்காது. 2018-இல் கோயம்புத்தூர் பக்கம் சூலூருக்குத் தேஜஸ் படைப்பிரிவு வந்தபோது அண்ணன் பேப்பரில் வந்த படங்களை வெட்டி வைத்திருந்தான். அதில் ஒன்று காக்பிட்டை நேர் எதிரில் இருந்து எடுத்தது. தேஜஸ் மார்க் 1-இல் உள்ள திரைகள் 5 அங்குலச் சதுரம், அதாவது 12.7 செ.மீ. படத்தில் அதே திரை 2 செ.மீ. இருந்தது. அப்போ படத்தில் 1 செ.மீ. என்றால் நிஜத்தில் 6.35 செ.மீ. கணக்கு சார் நடத்தின விகிதம்தான், வேற ஒண்ணுமில்லை. எங்க கணக்கில் முன்பலகை ஏறக்குறைய 65 செ.மீ. அகலம் வந்தது.

இதில் ஒரு தப்பும் பண்ணினோம். இடது பக்கத்துப் பெட்டியையும் அதே கணக்கில் அளந்துவிட்டோம். அது கேமராவுக்குக் கிட்டத்தில் இருந்ததால் படத்தில் பெரிதாகத் தெரியுது என்று தோணவே இல்லை. செய்து முடித்த பிறகு பார்த்தால் 9 செ.மீ. கூடுதல். ரம்பம் எடுத்து அறுத்தோம். ஒரே தூரத்தில் இருக்கிற பொருள்களுக்குத்தான் அந்த விகிதம் சரிவரும்.

கட்டை என்பது முக்கால் அங்குல பிவிசி குழாய். அடியில் இரண்டு ஜன்னல் கீல். ஒன்று முன்னே பின்னே அசைய, இன்னொன்று அதற்குக் குறுக்கே. கையை விட்டால் கட்டை நடுவுக்கு வரணும், அதற்கு நாலு பக்கமும் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினோம். இழுக்கும்போது கைக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தால்தான் எவ்வளவு இழுத்தோம் என்று தெரியும். எதிர்ப்பே இல்லாவிட்டால் எல்லாரும் அளவுக்கு மீறி இழுப்பார்கள். எனக்கு ஆச்சரியமா இருந்த விஷயம் ஒண்ணு: தேஜஸ் மாதிரி விமானங்களில் கட்டைக்கும் இறக்கைக்கும் நடுவே கம்பி, கயிறு எதுவும் கிடையாது. கட்டை எவ்வளவு அசைந்தது என்று கம்ப்யூட்டர் படித்துத்தான் இறக்கையின் மடிப்புகளை அசைக்கிறது. அதனால கைக்குக் கிடைக்கிற எதிர்ப்பை அங்கேயும் தனியாக ஸ்பிரிங் வைத்துத்தான் உண்டாக்குகிறார்கள். எங்களுக்குச் சைக்கிள் டியூப்.

கால் பெடலுக்கு ஒரே பலகை, நடுவில் ஒரு போல்ட். தராசுக் கோல் மாதிரி ஒரு கால் முன்னே போனால் மற்றது பின்னே வரும்.

கட்டை அசைவதைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது? 250 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேம்பேட் வாங்கிப் பிரித்தோம். விரலால் அசைக்கிற குமிழ்களுக்கு அடியில் நாலு குட்டி மின்தடை இருக்கும். ரேடியோவில் வால்யூம் கண்ட்ரோல் திருகினால் சத்தம் கூடுமே, அதே சாமான்தான். அந்த நாலையும் கழற்றிவிட்டு, ஒயர் இழுத்து, எங்க கட்டைக்கு இரண்டு, வேகத்துக்கு ஒன்று, பெடலுக்கு ஒன்று என்று பெரிய வால்யூம் கண்ட்ரோல்களை வைத்தோம். பழைய இரும்புக் கடையில் டேப் ரெக்கார்டரில் இருந்து கழற்றினது, சல்லிசாகக் கிடைத்தது.

மாட்டிவிட்டு ஓட்டினால் விமானம் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுது! கட்டை நடுவில்தான் நிற்குது, விமானம் மட்டும் சாயுது. மூன்று நாள் டியூபை மாற்றி மாற்றிக் கட்டினோம். அண்ணனுக்குக் கோபம் வந்து பேசாமல் போய்விட்டான். கடைசியில் ஜங்ஷன் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை அண்ணாச்சிதான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏ தாயி, இது சத்தத்துக்கு உள்ளது. பாதி திருப்புனா பாதி வராது." நம்ம காது சத்தத்தைக் கேட்கிற விதத்துக்கு ஏற்ற மாதிரி, அந்தச் சாமானில் மின்தடை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் கூடும். அதனால நடுவில் நிறுத்தினால் பத்தில் ஒரு பங்கு அளவுதான் காட்டும். எங்களுக்கு வேண்டியது ஒரே சீராகக் கூடுவது. அதன்மேல் பி10கே என்று போட்டிருக்கும். ஒன்று 20 ரூபாய், நாலு வாங்கினோம். அன்று சாயந்திரம் விமானம் நேராக நின்றது.

இனி நான் கொஞ்சம் வருத்தப்பட்ட விஷயம்.

காக்பிட்டில் எல்லாவற்றையும் விமானியின் கண் இருக்கிற இடத்தில் இருந்துதான் அளக்கணும். பயணிகள் விமானம் சிலவற்றில் முன் கண்ணாடிச் சட்டத்தில் சின்னச் சின்னப் பந்து வைத்திருப்பார்கள். பந்துகள் ஒன்றை ஒன்று மறைக்கிற மாதிரி தெரிந்தால் கண் சரியான இடத்தில் இருக்கு என்று அர்த்தம். நாங்கள் நூலில் ஒரு பாசிமணி கட்டிக் கூரையில் இருந்து தொங்கவிட்டோம். அண்ணனை உட்காரவைத்து அவன் கண்ணுக்கு நேராக மணியை வைத்து, எல்லாவற்றையும் அளந்து, ஆணி அடித்து முடித்தாச்சு. அப்புறம் நான் ஏறி உட்கார்ந்தேன். மணி என் தலைக்கு மேலே தொங்குது. முன்பலகையைத் தாண்டித் திரை பாதிதான் தெரியுது. கால் பெடலுக்கு எட்டவே இல்லை. "நீ வளந்தப்புறம் ஓட்டு" என்று அண்ணன் சிரித்தான். பாதி வேலை நான் செய்தது.

1950-இல் அமெரிக்க விமானப்படைக்கும் இதே தொல்லை வந்திருக்கு. கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4063 விமானிகளின் உடம்பு அளவுகளைப் பார்த்தார். உயரம், கை, மார்பு என்று 10 அளவுகளிலும் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருத்தர்கூட இல்லை! சராசரி ஆளுக்கென்று கூண்டு செய்தால் அது யாருக்குமே பொருந்தாது. அதன்பிறகுதான் இருக்கையும் பெடலும் ஆளுக்கு ஏற்ற மாதிரி நகர்த்தும்படி இருக்கணும் என்ற எண்ணம் வலுத்தது. இதை அண்ணனிடம் சொல்லி, பெடல் பலகைக்கு முன்னும் பின்னுமாக ஐந்து ஓட்டை போட வைத்தேன். இருக்கைக்கு அடியில் மூன்று பலகை, வேண்டியதை உருவிக்கலாம். எனக்கு மூன்று பலகையும் வேணும், முதல் ஓட்டை.

ஆனால் நகர்த்துவதற்கும் ஒரு எல்லை உண்டு. நம்ம விமானப்படையில் விமானி ஆக உயரம் குறைந்தது 162.5 செ.மீ. வேணும். உட்கார்ந்த உயரம் 81.5-இல் இருந்து 96 வரை. சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து காலை நீட்டினால் 99-இல் இருந்து 120 வரை. தொடை 64-க்கு மேல் போகக் கூடாது. ஆபத்தில் இருக்கை விமானியோடு வெளியே பாயும்போது முழங்கால் முன்பலகையில் இடிக்கும் என்பதால் அது. ரொம்ப வளர்ந்தாலும் கூடாது. அளவுநாடாவை வைத்து அண்ணன் என்னை அளந்தான். உயரம் 149. உட்கார்ந்தால் 77. கால் 92. தொடை மட்டும் பாஸ்.

அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே இதைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "நான் எம்புட்டு, அதையும் அளல" என்று அண்ணனிடம் சொன்னாங்க. அம்மா 153. யாரும் ஒண்ணும் பேசலை. அம்மா திரும்பவும் இலை வெட்டப் போயிட்டாங்க.

2016 ஜூன் 18-இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூன்று பேரும் நம்ம நாட்டின் முதல் பெண் போர் விமானிகள் ஆனார்கள். அதில் மோகனா சிங் 2024-இல் தேஜஸ் படைப்பிரிவுக்கே வந்தார். அப்துல் கலாம் ஐயா விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்தது எட்டுப் பேரை. பிறகு குடியரசுத் தலைவரான பின், 2006 ஜூன் 8-இல் புனேயில் சுகோய் விமானத்தில் உட்கார்ந்து பறந்தார். அப்போது அவருக்கு வயது 74. இதை எல்லாம் வாசித்துவிட்டு நான் மறுபடி ஒருதடவை அளந்தேன். 149-தான்.

எல்லாம் முடிந்து முதல்முறை மதுரை ஓடுபாதையில் இருந்து ஏறினேன். தெற்கே பிடித்தால் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஒன்பது, பத்து நிமிஷத்தில் திருநெல்வேலி. கயத்தாறு வந்ததும் இரண்டாம் உலகப்போர்ச் சமயம் போட்ட பழைய ஓடுபாதையைத் தேடினேன், கம்ப்யூட்டரில் அது இல்லை. நம்ம ஊரும் இல்லை. வயலும் பள்ளிக்கூடமும் இல்லாமல் எல்லாம் ஒரே பச்சைத் துணி. ஆனால் பொதிகை மலை மட்டும் நம்ம மைதானத்தில் நின்று பார்க்கிற மாதிரியே மேற்கே எழுந்து நின்றது! அதைப் பார்த்த சந்தோஷத்தில் உயரத்தைக் கவனிக்காமல் போய் மோதிவிட்டேன். பொதிகை 1868 மீட்டர், நான் பறந்தது 1200.

வெள்ளிக்கிழமை வரை மதிய இடைவேளையில் ஒவ்வொருத்தராக உட்காரலாம். ஈரக் காலோடு ஏற வேண்டாம், பெடலுக்குப் பக்கத்தில் ஒயர் இருக்கு. கட்டையை முறுக்காதீங்க, கீல் கழன்றுவிடும். எத்தனை பலகை, எந்த ஓட்டை உங்களுக்குச் சரியா இருந்தது என்று பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் பென்சிலால் குறித்துவிட்டுப் போங்க. இதுவரைக்கும் 23 பேர் உட்கார்ந்திருக்காங்க. நடு ஓட்டையும் ஒரே ஒரு பலகையும் சரியா இருந்தது இரண்டு பேருக்குத்தான். ஒருத்தன் பத்தாம் வகுப்பு. இன்னொருத்தர் நம்ம சத்துணவு அக்கா.